ஏவன்டேல் மிஷனரி படும் பாடு

மிஷனரி வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வருஷம் வேதபாடம் நடத்துகிறார்கள், பாம்புக்கடிக்கு முதலுதவி சொல்லித்தருகிறார்கள், ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் திறந்து "என்ன வேணும்?" என்று கேட்டதும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் எவரும் சொல்லித்தருவதில்லை.

ஊழியத்தில் இருப்பவர்கள், ஊழியக்காரரைக் கட்டிக்கொண்டவர்கள், இன்ஷூரன்ஸ் விற்கிறவர்கள், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். மற்றவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நான் தமிழ்நாட்டு நாசரேத் பக்கத்துப் பெண். படித்தது நர்சிங். கல்யாணம் ஆகவில்லை; ஏன் என்று கேட்க விரும்புகிறவர்கள் வரிசையில் நிற்கவும், முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆறு வருஷம் மேற்கு ஆப்பிரிக்காவில், கானாவின் வடக்கே ஒரு கிராமத்தில் இருந்தேன். அதன்பிறகு ஆக்லாந்தில் தமிழர் நடுவே வேலை செய்ய ஆள் தேவை என்று எங்கள் மிஷன் என்னை இங்கே அனுப்பியது. இப்போது அந்த நகரத்தின் ஏவன்டேல் பகுதியில், ரயில் போனால் ஜன்னல் கடகடக்கிற ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். "உங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும் சிஸ்டர்" என்று சொல்லித்தான் விமானம் ஏற்றினார்கள்.

ஊர்த்தலைவரின் சந்தேகம்

கானாவிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கிராமத்தில் விடிந்தும் விடியாததுமாக வாசலில் ஆள் நிற்கும். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக்கொண்டு ஓடினால், வந்தவர் வணக்கம் சொல்ல வந்திருப்பார். கையைக் கூப்பிவிட்டு நகர்கிற வணக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தூங்கினாயா, வீட்டார் தூங்கினார்களா, ஆடுகள் சுகமா, உடம்பு எப்படி, வேலை எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லவேண்டும். பிறகு நான் அதே வரிசையில் அவரைக் கேட்கவேண்டும். பல்கூடத் துலக்காமல் இதை முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். ஒரு காப்பி குடிக்க எட்டு மணி ஆகும்.

மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு ஊர்த்தலைவரிடம் முறையிடப் போனேன். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எனக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தார். தலைவரும் முழு வணக்கத்தையும் நடத்திவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன் என்று உட்கார்ந்திருந்தார். ஆனால் "வீட்டார் தூங்கினார்களா" என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். வீட்டில் நான் ஒருத்திதான் என்றேன். புருஷன்? இல்லை. பிள்ளைகள்? இல்லை. ஆடு? அதுவும் இல்லை. என் முறையீட்டை அவர் கேட்கவே இல்லை. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்த கேள்வி இதுதான்: "இவ்வளவு தூரம் தனியாக அனுப்பியிருக்கிறார்களே, உன் ஊர்க்காரர்களுக்கு உன்மேல் அப்படி என்ன கோபம்?"

பங்கு

வாரத்தில் இரண்டு நாள் வேப்பமரத்தடியில் மருந்து கொடுப்பேன். மழைக்காலத்தில் மலேரியா வரும். ஒரு தாய், நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சோதித்துப் பார்த்து, மூன்று நாளுக்கு மாத்திரை கொடுத்து, எப்போது எத்தனை என்று விரல்விட்டுக் காட்டி, அவளையும் திருப்பிச் சொல்லவைத்து அனுப்பினேன். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். கண் திறக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. மாத்திரை கொடுத்தாயா என்றேன். கொடுத்தேன் என்றாள். எத்தனை என்றேன். ஒன்று என்றாள். மீதி? அந்த முற்றத்தில் இன்னும் ஐந்து பிள்ளைகள், மூத்தாளுடையவையும் கொழுந்தனுடையவையும். ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் வாத்தியார் மொழிபெயர்க்கவே பயந்தார். ஒரு மோட்டார் சைக்கிளைப் பிடித்து, தாயையும் பிள்ளையையும் பின்னால் ஏற்றி, இருபது மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் அந்தப் பிள்ளை தானே நடந்துவந்து என் வாசலில் நின்று, தூங்கினாயா என்று ஆரம்பித்தது. தாய் பின்னால் நின்றாள். அவளை உட்காரவைத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று நிதானமாகக் கேட்டேன். அவளும் நிதானமாகத்தான் சொன்னாள்: "ஒரே சட்டியில் சாப்பிடுகிற பிள்ளைகள். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றதுகளின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

சிங்கம்

ஆக்லாந்துக்கு வந்ததும் எங்கள் சபைப் பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பில் ஆப்பிரிக்க அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளைகள். பதினோரு பேர், கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கிணற்றடிப் பம்பு, வேப்பமரத்தடி ஆராதனை, மலேரியா என்று உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். சிங்கம் பார்த்தீர்களா? இல்லை. யானை? இல்லை. முதலை? அந்தப் பக்கம் இல்லை கண்ணு, ஆடுதான் நிறைய. ஒரு ஆடு என் பாட்டுப்புத்தகத்தில் பாதியைத் தின்றுவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் கையைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் என் காது கேட்கவே சொன்னாள்: "ஷி வென்ட் ஆல் த வே ஃபார் கோட்ஸ்."

பத்து மணி ஆராதனை

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆராதனை. ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். ஆனால் அதே ஞாயிறு காலையில்தான் ஏவன்டேல் சந்தையும் நடக்கிறது. முதல் வாரம் பத்து மணிக்கு நானும் கீபோர்டு வாசிக்கிறவரும்தான் இருந்தோம். பத்தேகாலுக்கு ஒரு குடும்பம் முள்ளங்கியோடு வந்தது. பத்தரைக்கு இன்னொரு குடும்பம், ஒரு பெட்டி கத்திரிக்காயோடு. பாவ அறிக்கை நடுவில் யாரோ மீன் பையைக் கொண்டுபோய் ஹால் ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். மறுநாள் அங்கே யோகா வகுப்பு நடத்துகிற அம்மாவிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது.

அடுத்த வாரம் கண்டிப்பாகப் பேசுவது என்று முடிவுசெய்தேன். ஆண்டவருக்கு முதலிடம் என்று அரைமணி நேரம் பிரசங்கித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். வேலை செய்துவிட்டது என்று எண்ணி வாசலில் நின்று கைகுலுக்கினேன். மதுரைக்காரரான லீலா அக்கா, பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு என் கையை இறுகப் பிடித்தார். நல்ல செய்தி சிஸ்டர், மனசைத் தொட்டிருச்சு என்றார். அப்படியானால் அடுத்த வாரம் பத்து மணிக்கு வருவீர்களா என்று கேட்டேன். "சிஸ்டர், ஆண்டவர் பத்துக்கும் இருப்பாரு, பதினொண்ணுக்கும் இருப்பாரு. கறிவேப்பிலை ஒன்பதரைக்கே முடிஞ்சிரும்."

ஓம்

எங்கள் சபைச் செயலாளர் ஞானராஜ் அண்ணன் நாகர்கோவில்காரர். ஒழுங்கு, முறை என்றால் உயிர். ஒரு சனிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முகம் வெளிறிப் போய், "நம்ம கூட்டத்துல யாரோ மந்திரம் சொல்றாங்க சிஸ்டர்" என்றார். நானும் கவனித்திருந்தேன். புஷ்பம் அன்ரி, அதாவது ஆன்ட்டி, யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது வயது. யார் ஜெபித்தாலும் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் "ஓம்... ஓம்..." என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர்கள் ஊரில் 'ஆமா'வுக்கு அதுதான் சொல் என்று விளக்கினேன். ஞானராஜ் அண்ணனுக்குச் சமாதானம் ஆகவில்லை. புதிதாக வருகிறவர்கள் தப்பாக நினைப்பார்கள், 'ஆமென்' என்றோ 'ஆமா' என்றோ மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கமிட்டியில் தீர்மானமே கொண்டுவந்துவிட்டார்.

சொல்லவேண்டிய பொறுப்பு வழக்கம்போல என் தலையில். அன்ரி வீட்டுக்குப் போய், தேநீர் குடித்து, சுற்றி வளைத்துச் சொன்னேன். அன்ரி கோபப்படவில்லை. ஃபோனை எடுத்து ஞானராஜ் அண்ணனையே கூப்பிட்டார். "தம்பி, நான் பிறந்ததில இருந்து ஆண்டவரோட இப்பிடித்தான் கதைக்கிறனான். இப்ப திடீரெண்டு 'ஆமா' எண்டு சொன்னா, ஆரோ வேற ஆள் கதைக்குது எண்டு அவர் நினைக்கமாட்டாரோ?"

முதலுதவி மேசை

ஹாலில் சிங்க் அடைத்துக்கொண்டால் நகரத்தின் இன்னொரு பகுதியான ஒனிஹங்காவிலிருந்து கவுண்டர் வருவார். ஃபிஜியில் பிறந்த பிளம்பர். மூதாதையர் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். சாமி பாட்டில் வருகிற அளவுக்குத் தமிழ், மீதியெல்லாம் இங்கிலீஷ். நான் கொடுத்த சுவிசேஷக் கைப்பிரதிகளை எல்லாம் மரியாதையாக வாங்கி வேன் டேஷ்போர்டில் அடுக்கி வைத்திருக்கிறார். படித்தீர்களா என்று கேட்டால், படம் நன்றாக இருக்கிறது என்பார். ஒருநாள் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். அவர்கள் கோவில் திருவிழாவுக்கு நிறையக் கூட்டம் வரும், முதலுதவிக்கு ஒரு நர்ஸ் வேண்டும், வரமுடியுமா?

கமிட்டியைக் கேட்டேன். ஞானராஜ் அண்ணன் எழுந்து நின்றே பேசினார். பார்க்கிறவர்கள் முன்னால் நம் சாட்சி கெட்டுவிடும், கோவில் வாசலைக்கூட நாம் மிதிக்கக்கூடாது என்றார். இரண்டு நாள் யோசித்தேன். நான்கு வருஷமாக நம் சாக்கடையை அந்த மனிதர் முகம் சுளிக்காமல் சுத்தம் செய்கிறார்; அவர் கேட்ட ஒன்றே ஒன்று இது. வருவது வரட்டும் என்று போய், ஒரு மூலையில் மேசை போட்டு உட்கார்ந்தேன். காலையிலிருந்து ஒரு சிராய்ப்புகூட வரவில்லை. மத்தியானம் இரண்டு பேர் ஒருவரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அன்னதான வரிசையில் ஈரத்தில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டதாம். நிமிர்ந்து பார்த்தால் ஞானராஜ் அண்ணன். கால் வீங்கியிருந்தது, ஆனால் கையிலிருந்த தட்டில் சர்க்கரைப் பொங்கல் ஒரு பருக்கை சிந்தவில்லை. நான் கட்டுப்போட்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பார்க்கிங் தேடித்தான் சிஸ்டர் உள்ள வந்தேன்."

பிரேக்

ஒரு மளிகைக் கடையில் "தமிழில் பேச வேண்டுமா?" என்று என் நம்பரை எழுதி ஒட்டியிருந்தேன். ஏழு மாதத்தில் வந்தது ஒரே ஒரு அழைப்பு. கவிதா, திண்டுக்கல் பக்கம். கணவர் செந்தில் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. வாடகை குறைவு என்று நகரத்துக்கு வெளியே, புக்கெகோஹி என்ற ஊரில் குடியிருக்கிறார்கள். இருக்கிற ஒரே காரை அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். இவள் வெங்காயம் பேக் செய்கிற ஷெட்டுக்கு நடந்தே போய் வருகிறாள். எடுத்த எடுப்பில் சொன்னாள்: "அக்கா, நான் முருகனை விடமாட்டேன், அதை முதல்லயே சொல்லிடுறேன். நீங்க கார் ஓட்டக் கத்துத் தருவீங்களா?"

என் ஊழியப் பயிற்சியில் இது இல்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை மோட்டார்வேயில் முக்கால் மணி நேரம் போய், என் காரிலேயே கற்றுக்கொடுத்தேன். இடது பக்கம் என்றால் வலது பக்கம் திருப்புவாள். ரவுண்டபவுட்டில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, எந்த வழி வெளியே போவது என்று என்னைக் கேட்பாள். ஐந்தாம் வாரம், ஒரு வீட்டு வாசலில் திருப்பும்போது பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள். எதிரே லெட்டர்பாக்ஸ், அதற்குப் பின்னால் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் ரோஜா வெட்டிக்கொண்டிருக்கிறார். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேனா, அவள் காலை மாற்றினாளா தெரியாது. லெட்டர்பாக்ஸைத் தொட்டுக்கொண்டு வண்டி நின்றது. பெரியவர் ரோஜாவோடு நின்றபடி எங்களைப் பார்த்தார். முதலில் பேச்சு வந்தது அவளுக்குத்தான்: "அக்கா, நான் முருகான்னேன், நீங்க இயேசுவேன்னீங்க. யாரு பிரேக் போட்டதுன்னு மட்டும் நாம சண்டை போட வேண்டாம்."

ஷெட்டுக்கு வெளியே

அந்தக் குளிர்காலத்தில் கவிதாவின் அப்பா ஊரில் இறந்துபோனார். ஒரு சாயங்காலம் செய்தி வந்தது. விசா நீட்டிப்புக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். முடிவு வருவதற்குள் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாது. செந்திலை வேலையாக வெலிங்டனுக்கு அனுப்பியிருந்தார்கள், இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்குத் திரும்பி வர விமானம். மறுநாள் காலையில் கூப்பிட்டால், அவள் வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார முடியலக்கா என்றாள். அங்கே காலை ஒன்பது மணிக்கு எடுக்கிறார்கள், இங்கே மத்தியானம் மூன்றரை. வருகிறேன் என்றேன். போகும் வழியெல்லாம் என்ன வசனம் சொல்வது, எப்படி ஜெபிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

ஷெட்டுக்குள் சிக்னல் இல்லை. வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மூலையில்தான் கொஞ்சம் கிடைத்தது. வாயால் ஊதினால் புகை வருகிற குளிர். தலையில் வலை, கையில் கையுறையோடு அவள் நின்றாள்; நான் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஃபோன் அவள் தாய்மாமன் கையில். முதலில் பந்தல் தெரிந்தது. பிறகு மாமாவின் காது. பிறகு யாரோ ஒருவருடைய சட்டைப் பை. பிறகு படமே நின்றுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மாமா கையில் கிடைத்தால் என்ன செய்திருப்பேனோ. "மாமா, ஃபோனைத் திருப்புங்க, அப்பா முகத்தைக் காட்டுங்க மாமா" என்று அவள் கத்தினாள். கடைசியில் திருப்பினார். மாலைக்கு நடுவே சின்ன முகம். அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள்.

அப்போது பின்னால் காலடி கேட்டது. அவளோடு வேலை செய்கிற டோங்கா நாட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர், ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார்கள். சூப்பர்வைசர் அம்மா, "அவள் அப்பாவா?" என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். தலையசைத்தேன். அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். தங்கள் மொழியில் ஒரு ஞானப்பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். புத்தகம் இல்லை, சுருதி கொடுக்க ஆள் இல்லை. நாலு குரலாகப் பிரிந்து, அந்தத் தார் தரையிலிருந்து பாட்டு எழும்பி வந்தது. ஃபோனுக்குள்ளே தப்பு அடிக்கிற சத்தம். பாடையைத் தூக்கினார்கள். தெரு திரும்பியதும் சிக்னல் போய்விட்டது. பாட்டு மட்டும் முடிகிறவரை நடந்தது. பிறகு அந்த அம்மா வந்து கவிதாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் ஒத்திகை பார்த்த ஜெபம் என் வாயிலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெங்காய நெடி அடிக்கிற கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கவிதா சொன்னாள்: "என்ன பாடினாங்கன்னு எனக்குத் தெரியலக்கா, ஆனா அப்பாவுக்குக் கேட்டிருக்கும். மாமா ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு."

மாத அறிக்கை

மாதம் முடிந்ததும் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பவேண்டும். ஒரு படிவம் வரும். சந்தித்த குடும்பங்கள் எத்தனை, விநியோகித்த பிரதிகள் எத்தனை, மனந்திரும்பிய ஆத்துமாக்கள் எத்தனை என்று கட்டம் கட்டமாக இருக்கும். புஷ்பம் அன்ரியின் ஓம் எந்தக் கட்டத்தில் அடங்கும்? டோங்கா பெண்களின் பாட்டை எதில் எழுதுவது? அவர்கள் ஏற்கெனவே என்னைவிட நல்ல கிறிஸ்தவர்கள். கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு, பின்பக்கத்தில் தொடங்கி, இதுவரை நடந்ததை நடந்தபடி மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன்.

நாலாம் நாள் அலுவலகச் செயலாளர் வீடியோவில் வந்தார். நல்ல மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூன்று பக்கத்தையும் வரிவிடாமல் படித்திருக்கிறார். கறிவேப்பிலையில் சிரித்தேன் என்றார். கணுக்கால் இப்போது எப்படி என்று விசாரித்தார். புக்கெகோஹி விஷயத்தைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒருவராவது புரிந்துகொண்டாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்து, படிவத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். சரி, இப்ப சொல்லுங்க, ஊழியம் எப்பப் பண்றீங்க?"

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: ஜனங்கள் நம்மிடம் கேட்பது ஒருநாளும் நாம் சுமந்துபோன பைக்குள் இருப்பதில்லை, ஆனாலும் கையில் பை இல்லாமல் போனால் யாரும் கதவைத் திறப்பதில்லை.